பலகையா, சிமெண்டா, கல்லா

கேரளம் என்று ஒரு மாநிலம் ஆன மறு வருஷம், பாலக்காட்டில் குமாஸ்தாவாக இருந்த என் கணவருக்கு தேவிகுளம் தாலுக்கா ஆபீசுக்கு ஸ்தலமாற்றம் வந்தது. அதுவரை எங்களைப் போன்ற மலபார்க்காரர்களை மலபாருக்குள்ளேயேதான் மாற்றுவார்கள். இப்போது எங்கே வேண்டுமானாலும் தூக்கிப் போடலாம் என்று ஆகிவிட்டது. தேவிகுளம் எங்கே இருக்கிறது என்று எங்கள் தெருவில் யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. மூணாறுக்குப் பக்கம் என்றார் ஒருவர். குளிரில் தேங்காயெண்ணெய் கல்லாகிவிடும், கரண்டியால் வெட்டித்தான் எடுக்க வேண்டும் என்றார் இன்னொருவர்.

நாங்கள் மூன்று பேர் போனோம். அவர், நான், அவருடைய அக்கா. அக்கா மிகச் சின்ன வயதிலேயே கணவனை இழந்து பிறந்த வீட்டுக்குத் திரும்பியவள். தாய் போன பிறகு தம்பியை வளர்த்தது அவள்தான். எனக்குக் கல்யாணமாகி இரண்டு வருஷம்கூட ஆகியிருக்கவில்லை. அவர் கூப்பிடுவதைப் பார்த்து நானும் அவளை அக்கா என்றே கூப்பிட்டேன். கொல்லங்கோடு, கோவிந்தாபுரம், பொள்ளாச்சி, உடுமலைப்பேட்டை என்று பஸ் மாறி மாறிப் போய்ச் சேர்ந்தோம். மலை ஏறும்போது எனக்குத் தலை சுற்றியது. அக்கா மட்டும் வாந்தி எடுக்காமல், வாயே திறக்காமல், ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள்.

கடைத்தெருவுக்கு மேலே, சரிவில் ஒரு வீட்டை எங்களுக்காகப் பேசி வைத்திருந்தார்கள். முன்னால் இரண்டு அறை, பின்னால் அடுக்களை. சரிவு என்பதால் அடுக்களையைக் கல் தூண்களின் மேல் எழுப்பியிருந்தார்கள். தரை முழுவதும் மரப்பலகை. அடுப்பு மட்டும் கீழே மண்ணிலிருந்தே கல் கட்டி, பலகை மட்டத்துக்கு வந்து நின்றது. பலகைகளுக்கு இடையே விரல் நுழையும் அளவு சந்து. கடுகு சிந்தினால் கடுகு போச்சு. ஒரு தடவை என் மூக்குத்தித் திருகு விழுந்து, வீட்டுக்கு அடியில் தவழ்ந்துபோய்த் தேடி எடுத்தேன்.

மரத்தரையில் சமைப்பது எப்படி என்று எங்கள் யாருக்கும் தெரியாது. பாலக்காட்டில் எங்கள் அடுக்களை கருங்கல் பாவியது. விடியற்காலையில் குளித்து, ஈரப் புடவையோடு அடுக்களையை ஒரு குடம் தண்ணீர் விட்டு அலம்பின பிறகுதான் அக்கா அடுப்பு மூட்டுவாள். அது அவளுடைய மடி, ஆசாரம். தேவிகுளத்திலும் முதல் நாளே அதைத்தான் செய்தாள். தண்ணீர் சந்து வழியாகக் கீழே இறங்கிவிட்டது. துடைக்கக்கூட வேண்டாம், நல்ல சௌகரியமாக இருக்கிறதே என்று நாங்கள் நினைத்தோம்.

மழை பிடித்தது. அந்த ஊர் மழை நின்று பெய்யாது, ஓய்ந்தும் போகாது. மேகம் வீட்டுக்குள்ளேயே வந்து உட்கார்ந்துவிடும். ஆவணி வாக்கில் அடுக்களை மூலையில் காளான் முளைத்தது. அக்கா அதைக் கரண்டிக் காம்பால் பெயர்த்துப் போட்டுவிட்டு, அந்த இடத்தில் இன்னும் ஒரு செம்பு அதிகமாகவே விட்டு அலம்பினாள்.

தை மாதத்தில் ஒரு காலை. வெளியே புல்லெல்லாம் உறைபனியில் வெளுத்துக் கிடந்தது. அக்கா தோசைக்கு அரைத்துக்கொண்டிருந்தாள். நான் முன்னறையில் இருந்தேன். கிழிகிற மாதிரி ஒரு சத்தமும், அதைத் தொடர்ந்து 'தொம்' என்று இன்னொரு சத்தமும் கேட்டு ஓடினேன். ஆட்டுக்கல்லைக் காணோம். அது இருந்த இடத்தில் ஒரு ஓட்டை. அக்கா கை முழுக்க மாவோடு அதன் விளிம்பில் உட்கார்ந்து கீழே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஒரு கீறல்கூட இல்லை.

"நேராத்தான் நிக்கறது" என்றாள் அவள். "மாவு கொட்டலை."

எட்டிப் பார்த்தேன். உண்மைதான். ஆட்டுக்கல் கீழே ஈர மண்ணில் பாதி புதைந்து, சாயாமல் நின்றது. குழவி உள்ளேயே இருந்தது.

வீட்டுக்காரரை வரச் சொன்னோம். அவர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். எஸ்டேட்டுகளுக்கு லயம், அதாவது கூலிக்காரர்கள் இருக்கும் வரிசை வீடுகள், கட்டிக் கொடுக்கும் கான்டிராக்டர். மரம், கல், மணல் எல்லாம் கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு கொட்டகையில் போட்டு வைத்திருப்பார். ஓட்டையைப் பார்த்தார். குனிந்து பலகையை விரலால் அழுத்தினார். மரம் நனைந்த பிஸ்கோத்து மாதிரி உள்ளே போயிற்று. தினமும் அலம்புகிறோம் என்று என் கணவர் சொன்னதும், அவர் எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். கோபப்படவில்லை. பலகையைக் கழுவுவார்கள் என்று தனக்குத் தோன்றவே இல்லை, தோன்றியிருந்தால் முன்னாலேயே சொல்லியிருப்பேன் என்றார். பிறகு, எப்படியும் மொத்தத்தையும் எடுத்துவிட்டுப் புதிதாகத்தான் போட வேண்டும் என்றார்.

"சிமிண்டு வேணுமா, பலகை வேணுமா, கல்லு வேணுமா, இல்ல மண்ணைக் கொட்டி மொழுகிக்கிடுதீங்களா? எல்லாம் எங்கிட்ட கெடக்கு. எதுன்னு மட்டும் சொல்லிருங்க. அடுத்த மழைக்குள்ள முடிச்சிருவோம்."

என் கணவர், அடுக்களை பெண்கள் காரியம், அவர்களே சொல்லட்டும் என்று ஆபீசுக்குக் கிளம்பிவிட்டார். நான் அக்காவைப் பார்த்தேன். சமைப்பது அவள். அந்த அறையில் விடியலிலிருந்து இருட்டும் வரை இருப்பது அவள். அவள்தான் சொல்ல வேண்டும் என்று எனக்குப் பட்டது.

"நீயே சொல்லிடு" என்றாள் அக்கா. "ஆத்துக்காரி நீயாக்கும். நான் நாளைக்கு எங்கே இருப்பேனோ, ஆருக்குத் தெரியும்."

அவள் அதை வருத்தமாகச் சொல்லவில்லை. அரிசி களைந்துகொண்டே சொன்னாள். ஆனால் எனக்கு அது பெரிய இக்கட்டாகப் போயிற்று. அதுவரை என்னிடம் யாரும் எதையும் எது வேண்டும் என்று கேட்டதில்லை. புடவைகூட அம்மா எடுத்துக் கொடுப்பாள், கட்டிக்கொள்வேன். நான் சொல்கிற சொல்லுக்கு ஒரு மனிதர் வண்டியில் சாமான் ஏற்றிக்கொண்டு வருவார் என்பதே எனக்குப் பயமாக இருந்தது. அப்போது எனக்கு நாலாம் மாதம் வேறு.

சரி, மற்றவர்கள் அடுக்களையைப் பார்த்துவிட்டுச் சொல்லலாம் என்று கிளம்பினேன். முதலில் பக்கத்து வீடு. அங்கே ஒரு பள்ளிக்கூட வாத்தியாரின் மனைவி இருந்தாள். கோட்டயத்துக்காரி. அவளுடையது சிமெண்டுத் தரை, கண்ணாடி போல இழைத்தது. சிமெண்டைப் போல வருமா, ஒரு வாளி தண்ணீர், ஒரு துடைப்பம், அவ்வளவுதான் என்று மலையாளத்தில் புகழ்ந்து தள்ளினாள். புகழ்ந்துகொண்டிருந்தவள் நின்றது ஒரு சாக்கின் மேல். அடுப்படியில் ஒரு சாக்கு, அம்மியடியில் ஒரு சாக்கு. காலில் வாத்தியாருடைய கம்பளிக் காலுறை. நான் சாக்கில்லாத இடத்தில் நின்றிருந்தேன். சில்லென்று ஏறின குளிர் கொஞ்ச நேரத்தில் கணுக்காலுக்கு மேலே வந்துவிட்டது. தரை வேர்த்து, பொடிப்பொடியாக நீர் பூத்திருந்தது. குளிராதா என்று கேட்டேன். பழகிவிடும் என்று சொல்லிவிட்டு இன்னொரு சாக்கை எனக்கு எடுத்துப் போட்டாள்.

மறுநாள் எங்களுக்குப் பால் கொண்டுவரும் பெண்ணோடு அவள் இருக்கும் லயத்துக்குப் போனேன். ஒரே அறை. மண் தரை, சாணியும் கரியும் கலந்து மெழுகியது. உள்ளே காலை வைத்ததும் யாரோ பாதத்தைக் கையில் ஏந்திக்கொண்ட மாதிரி இருந்தது. அத்தனை கதகதப்பு. இதுதான், இதையே சொல்லிவிடலாம் என்று எனக்குத் தோன்றிய அந்த நிமிஷத்தில் அவள் சொன்னாள்:

"ஏம்மா, மழையில வந்து பாருங்க. மொழுகுன தரை காயாது. பகல்பூரா அடுப்பை எரிச்சுக்கிட்டே கெடக்கணும். நீங்க பேசாம சிமிண்டைப் போட்ருங்க."

சிமெண்டு வைத்திருந்தவள் சாக்கின் மேல் நின்றுகொண்டு சிமெண்டைச் சொன்னாள். மண் தரையில் சுகமாக நின்றவளும் சிமெண்டைச் சொன்னாள். ஆக எல்லாரும் சொல்வது சிமெண்டுதான். ஆனால் என் கால் மட்டும் மண்ணைத்தான் சொல்லிற்று. திரும்பி வரும் வழியில் தேயிலைச் செடிகளுக்கு நடுவே நின்று, கால் சொல்வதைக் கேட்பதா, மனிதர்கள் சொல்வதைக் கேட்பதா என்று யோசித்தேன். ஒன்றும் பிடிபடவில்லை.

வீட்டுக்கு வந்தபோது மத்தியானம். சத்தமில்லாமல் பின்பக்கமாக அடுக்களைக்குள் நுழைந்தேன். ஓட்டையின் மேல் ஒரு கதவுப் பலகையைப் போட்டு மூடியிருந்தோம். அதற்கு இந்தப் பக்கம், அடுப்பை ஒட்டிக் காய்ந்து கிடந்த பலகையில் அக்கா உட்கார்ந்திருந்தாள். சுவரில் முதுகைச் சாய்த்து, இரண்டு காலையும் அடுப்புப் பக்கமாக நீட்டி, கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். தூங்கவில்லை. கால் விரல்கள் மெல்ல அசைந்துகொண்டிருந்தன. அவள் காலை நீட்டி உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. பாலக்காட்டு வீட்டில் எப்போதும் ஒரு காலைக் குத்துக்காலிட்டு, யார் கூப்பிட்டாலும் எழுந்துகொள்ளத் தயாராகத்தான் இருப்பாள். என் நிழல் பட்டதும் காலை இழுத்துக்கொண்டு எழுந்து, காபி போடட்டுமா என்று கேட்டாள்.

அதைப் பார்த்தும் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை என்பதுதான் இன்றைக்கு நினைத்தால் வேடிக்கை. களைப்பு என்று நினைத்துக்கொண்டேன். அன்று சாயந்திரமே கடைத்தெருவில் வீட்டுக்காரரைப் பார்த்ததும் சிமெண்டு என்று சொல்லிவிட்டேன். அக்கா அலம்பாமல் இருக்கமாட்டாள். அலம்புவதற்குச் சிமெண்டுதான் சரி. என் கால் என்ன ஆனாலும் ஆகட்டும். சொன்ன பிறகு மனசு லேசாயிற்று. இரவு படுத்ததும் மறுபடி குழம்பிற்று. மண் என்று சொல்லியிருக்கலாமோ? கல்? விடிந்ததும் போய் மாற்றிச் சொல்லலாமா? விடிந்தபோது எதற்கு மாற்றுவது என்று தெரியவில்லை, பேசாமல் இருந்துவிட்டேன்.

நாலைந்து நாள் கழித்து வாசலில் மாட்டுவண்டி வந்து நின்றது. அன்று ஞாயிற்றுக்கிழமை, மூன்று பேரும் வீட்டில் இருந்தோம். வண்டியில் சிமெண்டு மூட்டைகள் இருந்தன. அவற்றின் மேல் புதிதாக அறுத்த பலகைகள். ஓரமாக வைக்கோல் வைத்துக் கருங்கல் பாளங்கள். எங்களுக்கு மட்டுமா, வேறு யாருக்காவது சேர்த்துக் கொண்டுபோகிறாரா என்று விளங்கவில்லை. வீட்டுக்காரர் பின்னாலேயே நடந்து வந்தார்.

"அம்மா சிமிண்டுன்னாங்க. ஐயா ரோட்டுல பார்த்து கல்லுன்னாங்க. பெரியம்மா ஆளனுப்பிப் பலகைன்னாங்க. நான் யார் பேச்சைக் கேக்கட்டும்? அதான் மூணையும் ஏத்திட்டு வந்துட்டேன்."

நான் என் கணவரைப் பார்த்தேன். அவர் அக்காவைப் பார்த்தார். அக்கா வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கல் எதற்கு என்று நான் என் கணவரைக் கேட்டேன். அக்காவுக்குக் கல் தரைதானே பழக்கம், ஊர் மாதிரியே இருக்கட்டும் என்று சொன்னேன் என்றார். நீ ஏன் சிமெண்டு என்றாய் என்று என்னைக் கேட்டார். அக்கா அலம்ப வேண்டுமே என்றேன். ஆக நாங்கள் இருவரும் அக்காவுக்காகத்தான் சொல்லியிருக்கிறோம். அக்காவோ இரண்டையும் கேட்கவில்லை. யாரைப் பிடித்து ஆளனுப்பினாள் என்று பார்த்தால், பால்காரப் பெண்ணிடம் சொல்லி விட்டிருக்கிறாள். அந்தப் பெண் என்னிடம் மூச்சுவிடவில்லை.

"பலகையை அலம்ப முடியாதே அக்கா" என்றார் அவர்.

"தொடைச்சாப் போறது" என்றாள் அக்கா.

என் காதில் சரியாகத்தான் விழுந்ததா என்று எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. காய்ச்சலில் நடுங்கிக்கொண்டு எழுந்துபோய் அடுக்களை அலம்பினவள் அவள். வேறு யாராவது மடிக் கொடியைத் தொட்டுவிட்டால் புடவையை மறுபடி நனைத்து உலர்த்தினவள். துடைத்தால் போதும் என்று அவள் வாயால் வந்தது. என் கணவர் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்துக்கொண்டே நின்றார்.

அக்கா எங்கள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். "பிள்ளை உண்டாயிருக்கறவ. சில்லுன்னு தரையிலே நிக்கப்படாது. அதுக்காகத்தான் சொன்னேன்" என்றாள். சொல்லிவிட்டு விறுவிறுவென்று உள்ளே போய்விட்டாள்.

எனக்காகச் சொன்னாளா? அப்படியானால் அந்த மத்தியானம் நான் பார்த்தது என்ன? தனக்காகச் சொன்னாள் என்றால் ஏன் அப்படிச் சொல்லக் கூடாது? நான் பின்னாலேயே போய்க் கேட்டேன். உங்களுக்கு வேண்டுமென்றால் பலகையே போடலாம் அக்கா, எனக்காக என்று சொல்ல வேண்டாம் என்றேன். "ஆருக்காக இருந்தா என்ன? போய் அவரை நிக்க வெக்காம பதில் சொல்லு" என்றாள். திரும்பி வாசலுக்கு வந்தேன். எந்தப் பதிலைச் சொல்வது?

கடைசியில் வீட்டுக்காரரே ஒரு வழி சொன்னார். எதையும் திருப்பிக் கொண்டுபோக மனமில்லாததாலும் இருக்கலாம். அடுப்பைச் சுற்றிப் பாதிக்குப் பலகை. கொல்லைக் கதவை ஒட்டின பாதியில் மண் நிரப்பிச் சிமெண்டு. பாத்திரம் தேய்ப்பது, ஆட்டுவது, தண்ணீர் புழங்குவது எல்லாம் அங்கே. கல்லைக் கதவுக்கு வெளியே படியாகப் போட்டுவிடலாம். நாங்கள் தலையாட்டினோம். எனக்கு அது புத்திசாலித்தனமாகவும் பட்டது, பைத்தியக்காரத்தனமாகவும் பட்டது.

வேலை முடிந்து பார்த்தால், சிமெண்டுப் பக்கம் பலகையைவிட அரை முழம் தாழ்வாக நின்றது. அதை யாரும் முன்னால் யோசிக்கவில்லை. முதல் நாளே என் கணவர் கால் தடுக்கி, ரசப் பாத்திரத்தோடு கீழ்ப் பக்கம் இறங்கினார். ரசம் சிமெண்டில் ஓடி நேராகத் தூம்பு வழியாக வெளியே போனதைப் பார்த்து, வாட்டம் சரியாக இருக்கிறது என்றார். கால் பெருவிரல் நகம் அவருக்கு ஒரு மாதம் கறுத்திருந்தது. எனக்கோ எந்தச் சாமான் மேலே, எந்தச் சாமான் கீழே என்று புரியவே வெகுநாள் ஆயிற்று. ஊறுகாய்ப் பரணியைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு தரைக்கும் நடுவே நின்றிருக்கிறேன்.

அக்கா எப்படியோ அதற்கு ஒரு முறை கண்டுபிடித்தாள். விடிந்ததும் சிமெண்டை ஒரு குடம் விட்டு அலம்புவாள். பலகையை நனைத்துப் பிழிந்த மடித்துணியால் துடைப்பாள், பின் காய்ந்த துணியால் ஒற்றி எடுப்பாள். அதற்குத்தான் அலம்புவதைவிட அதிக நேரம் பிடித்தது. ஆனால் எல்லாம் ஆனபின், காய் நறுக்க உட்காரும்போது, அடுப்புப் பக்கம் காலை நீட்டிக்கொள்வாள். நான் உள்ளே வந்தாலும் இழுத்துக்கொள்ளவில்லை. முதலில் சில நாள் இழுத்துக்கொண்டாள், பிறகு விட்டுவிட்டாள்.

பிரசவத்துக்கு நான் ஊருக்குப் போய்ப் பெண் குழந்தையோடு திரும்பினேன். குழந்தையைப் பார்க்க என் கணவரின் சித்தி மலையேறி வந்தாள். ஆசாரத்தில் அக்காவுக்கு ஒரு படி மேல். வந்ததும் அடுக்களை வாசலில் நின்றுவிட்டாள். பாதி மரம், பாதி சிமெண்டு. எதை அலம்புவது, எதில் சாப்பிடுவது, எது மடி என்று கேட்டாள். அக்கா அடுப்பைவிட்டுத் திரும்பாமலே, "இந்த ஊர் ஜலம் பலகைக்கு ஆகாது சித்தி. அதனாலே தொடைக்கறதுதான் முறை" என்றாள். அப்படி ஒரு முறை எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. சித்திக்கும் தெரியவில்லை. ஆனாலும் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மேலே ஏறி அடுப்புப் பக்கம் உட்கார்ந்தாள். அன்று முழுக்க அந்தப் பலகையைவிட்டு எழுந்திருக்கவில்லை.

சித்தி ஊருக்குப் போன பிறகு ஒரு நாள் நானும் அக்காவும் பலகையில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தோம். மலைக்குக் கீழேயிருந்து யாரோ கொண்டுவந்து கொடுத்த கீரை. குழந்தை எங்களுக்கு நடுவே குப்புறக் கிடந்தது. அக்கா திடீரென்று கேட்டாள்:

"அன்னிக்கு நோக்கு எது வேணும்னு இருந்தது? நெஜமாச் சொல்லு."

நான் சொல்ல வாயெடுத்தேன். மண் தரை என்று சொல்லலாம். ஆனால் அது அந்தப் பால்காரப் பெண்ணின் அறைக்குள் நின்ற கொஞ்ச நேரத்து ஆசை. அதில் தினமும் சாணி மெழுக முடியுமா என்று அப்போதே எனக்குச் சந்தேகம். சிமெண்டை நான் விரும்பவே இல்லை, சொன்னேன், அவ்வளவுதான். பலகையை அன்று நினைக்கவே இல்லை, இப்போது பிடிக்கிறது. இதில் எதைச் சொல்வது?

"தெரியலையே அக்கா" என்றேன். "உங்களுக்கு?"

அவள் கீரைக் காம்பை ஒடித்து ஒதுக்கிவிட்டுக் கொஞ்சம் யோசித்தாள். அவள் உண்மையாகவே யோசிக்கிறாள் என்று முகத்தில் தெரிந்தது.

"நேக்கும் சொல்லத் தெரியலை" என்றாள். "இதுக்கு முன்னாலே ஆரும் கேக்கலையே."

குழந்தை நகர்ந்து பலகையின் ஓரத்துக்குப் போயிருந்தது. அக்கா எட்டி அதன் காலைப் பிடித்து இழுத்துத் தன் மடியில் போட்டுக்கொண்டாள். மீதிக் கீரையை நான் ஆய்ந்தேன்.